இடது மூளையில் பாரிசவாதம் வந்தால் இடது கையும் ஏன் தடுமாறுகிறது?

திருக்கடலூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறார். அவருடைய அப்பா கடற்தொழிலாளி, வலது கைக்காரர். சில மாதங்களுக்கு முன் மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அதுவரை பாடத்தில் படித்தபடிதான். அவருக்கு விளங்காதது இடது கைதான். "நல்ல கை என்று டொக்டர் சொன்ன இடது கையாலும் அப்பாவால் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் பூட்ட முடியவில்லை. வலை பின்னும் ஊசியைக் கொடுத்தால் கண்ணிக்குள் போகாமல் பக்கத்தில் போகிறது. அப்பா மனம் விட்டுவிட்டார், முயற்சி செய்வதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். இடது கையை ஆள்வது வலது மூளை. அது நன்றாகத்தானே இருக்கிறது? நான் படித்தது பிழையா?" இதுதான் கேள்வி.

பாரிசவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பதே என் வேலை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. அந்த இடது கையை வைத்து அப்பா மனம் விட்டுவிட்டார் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இடது மூளை அடிபட்டால் இடது கையும் கொஞ்சம் தடுமாறும். இது பலரிடம் அளந்து பார்த்து உறுதிசெய்யப்பட்ட விஷயம். நீங்கள் படித்ததும் பிழையில்லை. பாடம் சொல்வது மூளையிலிருந்து தசைக்கு இறங்கும் வழியைப் பற்றி. கையின் அசைவு உருவாகும் இடம் அதைவிடப் பெரியது.

இறங்கும் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உச்சந்தலையிலிருந்து காதுப்பக்கம் வரை, மூளையின் மேற்பரப்பில் இயக்கப் புறணி என்று ஒரு பட்டை இருக்கிறது. அங்கிருந்தும் அதன் அயலிலிருந்தும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 10 லட்சம் நரம்பிழைகள் கீழே இறங்குகின்றன. மூளை, முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணோடு சேரும் இடத்தில் அவற்றில் 85 முதல் 90 வீதம் வரை மறுபக்கம் கடந்துவிடும். மிச்சம் பெரும்பாலும் அதே பக்கமாக இறங்கி, உடம்பின் நடுப்பகுதித் தசைகளுக்கும் தோள் பக்கத்துக்கும் போகும். விரல்களுக்குப் போகும் வழி அநேகமாக முழுதும் கடந்த வழிதான். 1870இல் பிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நாயின் மூளையில் ஒரு பக்கம் மின்னூட்டம் கொடுத்தபோது மறுபக்கக் கால் அசைந்தது. பிறகு குரங்கிலும், சத்திரசிகிச்சையின்போது மனிதரிலும் இதையே கண்டார்கள். இந்தக் கடத்தல் குழம்பினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சில குடும்பங்களில் ஒரு கையை அசைத்தால் மற்றக் கையும் கண்ணாடியில் தெரிவதுபோல் கூடவே அசையும். நரம்பிழைகளுக்கு நடுக்கோட்டைக் கடக்க வழிகாட்டும் டிசிசி என்ற மரபணுவில் உள்ள கோளாறு இதற்கு ஒரு காரணம் என்று 2010இல் கண்டுபிடித்தார்கள்.

சரி, இந்த வழி எதற்காக? குரங்கிடம் செய்த ஒரு பழைய பரிசோதனை இதற்குத் தெளிவான பதில் தருகிறது. 1968இல் லோரன்ஸ், கைப்பர்ஸ் இருவரும் ரீசஸ் குரங்குகளில் இந்த இழைக்கட்டை இரண்டு பக்கமும் வெட்டினார்கள். குரங்குகள் அசைவற்றுக் கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சில கிழமைகளில் அவை நடந்தன, ஓடின, கூட்டின் கம்பியைப் பிடித்து ஏறின. போனது ஒன்றே ஒன்று: விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறமை. சின்னக் குழிக்குள் இருக்கும் தீனியை ஆட்காட்டி விரலையும் பெருவிரலையும் சேர்த்து எடுக்க அவற்றால் பிறகு முடியவேயில்லை. முழுக் கையையும் ஒன்றாக மடக்கி அள்ளின. நடப்பதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டவை மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு பழைய வழிகள். அவற்றில் சில இரண்டு பக்கத்துக்கும் கிளை விடுபவை. உங்கள் அப்பாவுக்கு வலது தோளும் முழங்கையும் முதலில் கொஞ்சம் அசையத் தொடங்கி, விரல்கள் மட்டும் கடைசிவரை பிணங்குகின்றன என்றால், அதன் காரணமும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்த விரல் நுட்பம் குரங்கு, மனிதக்குரங்கு, மனிதர் என்ற வரிசையில்தான் பெரிதாக வளர்ந்தது. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு விரல் வேலை ஒன்றும் இல்லை. குளம்பு விலங்குகளில் ஆட்டை எடுத்துப் பார்த்தால் இந்த இழைக்கட்டு கழுத்தளவோடு நின்றுவிடுகிறது. நமது செங்குரங்கு கச்சான் கோதை உடைத்துப் பருப்பை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இலங்கையில் மட்டுமே உள்ள இனம், ஆனால் ஆய்வுகூடங்களில் உள்ள ரீசஸ் குரங்குக்கு நெருங்கிய உறவு. இந்தக் குரங்குகளில் இயக்கப் புறணியின் சில கலங்கள் இடையில் யாரிடமும் கைமாற்றாமல், விரல் தசையை இயக்கும் முண்ணாண் கலங்களை நேரடியாகத் தொடுகின்றன. 1993இல் தென் அமெரிக்கக் குரங்குகள் இரண்டை ஒப்பிட்டார்கள். விரல் நுனியால் பொறுக்கத் தெரிந்த கபுச்சின் குரங்கில் இந்த நேரடித் தொடர்பு நிறைய இருந்தது. அவ்வளவு கைத்திறன் இல்லாத அணில் குரங்கில் மிகக் குறைவாகவே இருந்தது.

இதுவரை சொன்னது பாடத்தோடு ஒத்துப்போகும். இனித்தான் உங்கள் கேள்விக்கு வருகிறோம்.

மூளைக் கலங்களில் மெல்லிய மின்கம்பி வைத்து, குரங்கு விழித்திருந்து வேலை செய்யும்போதே அவற்றின் மின்துடிப்பைக் கேட்கும் முறை 1960களில் வளர்ந்தது. 1988இல் தஞ்சியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு குரங்கை வலது கையால் மட்டும், இடது கையால் மட்டும், இரண்டாலும் சேர்த்து என்று பொத்தானை அழுத்தப் பழக்கினார்கள். இயக்கப் புறணியில் பெரும்பாலான கலங்கள், பாடம் சொல்கிறபடி, எதிர்ப்பக்கக் கைக்கே இயங்கின. ஆனால் அதற்கு முன்னால் உள்ள இரண்டு பகுதிகளில், அதாவது முன்னியக்கப் புறணியிலும் தலையின் நடுக்கோட்டை ஒட்டிய துணை இயக்கப் பகுதியிலும், கதை வேறு. சில கலங்கள் தன் பக்கக் கைக்கு இயங்கின. சில இரண்டு கைகளும் சேர்ந்தால் மட்டும் இயங்கின. தனிக் கைக்கு வாயே திறக்கவில்லை. 1998இல் வாடியாவின் ஆய்வுக்குழு இதைவிட ஒரு படி மேலே போய், இயக்கப் புறணியிலேயே இரு கை வேலைக்கென்று தனியாக மாறும் கலங்கள் உண்டு என்று காட்டியது.

துணை இயக்கப் பகுதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1984இல் பிரிங்மன் என்ற பெண் விஞ்ஞானி ஒளி ஊடுருவும் ஒரு தட்டில் ஓட்டைகள் போட்டு, அவற்றில் தீனித் துண்டுகளை இறுக்கி வைத்தார். சாதாரணக் குரங்கு மேலிருந்து ஒரு கை விரலால் குத்தித் தள்ளும். மற்றக் கையைக் கீழே குவித்துப் பிடிக்கும். ஒரு கை தள்ள, ஒரு கை ஏந்த, இரண்டும் வேறு வேலை. பிறகு ஒரு பக்க மூளையில் மட்டும் துணை இயக்கப் பகுதியை அகற்றினார். கை விழவில்லை, பலமும் போகவில்லை. ஆனால் குரங்கு மேலிருந்து ஒரு விரலாலும் கீழிருந்து இன்னொரு விரலாலும் ஒரே துண்டைக் குத்தியது. இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்தன, ஏந்துவதற்குக் கையில்லை. இந்தக் குறை நீண்ட காலம் மாறவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பெரிய இழைப் பாலத்தை வெட்டினார். குறை நீங்கிவிட்டது! கைகள் மறுபடியும் வேறு வேறு வேலை செய்தன.

அதாவது, அடிபடாத பக்கம் தன் கைக்கான திட்டத்தைப் பாலம் வழியாக மறுபக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் அதைத் தடுத்து, "இது உன் கைக்கு இல்லை" என்று பிரித்துவைக்கும் பகுதி இல்லாததால் இரண்டு கைகளும் ஒரே திட்டத்தைப் பின்பற்றின. மனிதரிலும் இதை ஒட்டிய ஒரு சான்று உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்காக இந்தப் பாலம் வெட்டப்பட்டவர்களிடம், இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு உருவங்கள் வரையச் சொன்னார்கள். 1996இல் வந்த முடிவு: நம்மைப்போன்றவர்கள் குழம்பும் அந்த வேலையை அவர்கள் குழம்பாமல் செய்தார்கள். வலது கையால் வட்டமும் இடது கையால் சதுரமும் ஒரேயடியாக நீங்களே வரைந்து பாருங்கள், இரண்டு பாதிகளும் எவ்வளவு பேசிக்கொள்கின்றன என்பது விளங்கும்.

சரி, ஒரு கை மட்டும் அசையும்போது? இரண்டு மூளைப் பாதிகளில் ஒன்று சும்மா இருக்கிறதா? 2019இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் ஏம்ஸ், சர்ச்லேண்ட் இருவரும் குரங்குகளைக் கையால் சுற்றும் ஒரு மிதியைச் சுற்ற வைத்தார்கள், ஒரு நேரம் ஒரு கை. மற்றதில் ஹெமிங்கும் ஸ்கொட்டின் ஆய்வுகூடத்தினரும் குரங்கின் கையைத் திடீரெனத் தள்ளி, அது எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டிலும் இயக்கப் புறணியின் கலங்கள் தன் பக்கக் கை அசையும்போதும் நன்றாகவே இயங்கின. இந்தக் கலம் வலது கைக்கு, அந்தக் கலம் இடது கைக்கு என்று பிரிவினை இல்லை. ஒரே கலம் இரண்டுக்கும் இயங்கியது.

அப்படியானால் வலது கையை அசைக்கும் அதே கலங்கள் இடது கை அசையும்போதும் இயங்கும்போது, வலது கை ஏன் துள்ளவில்லை? இதற்கு அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம் அழகானது. கரைவலை இழுப்பதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஒரே கயிற்றில் நிற்கும் எல்லோரும் கரையை நோக்கி இழுத்தால் வலை வரும். அதே ஆட்கள், அதே பலத்தோடு, பாதிப்பேர் கரைப்பக்கமும் பாதிப்பேர் கடல்பக்கமுமாக இழுத்தால்? ஒவ்வொருவருக்கும் வேர்க்கும், கயிறு விறைக்கும், வலை நகராது. ஒரு ஆளை மட்டும் பார்த்தால் இரண்டு வேளையும் அவர் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எல்லோருடைய இழுப்பும் கூடி எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் விஷயம். இயக்கப் புறணியிலும் வலது கைக்கு ஒரு சேர்க்கை, இடது கைக்கு வேறொரு சேர்க்கை. இடது மூளையில் எழும் இடது கைச் சேர்க்கை, வலது கைத் தசைகளுக்கு இறங்கும் வழியில் கூட்டிக்கழிந்து இல்லாமல் போகிறது. ஆனால் மூளைக்குள் அது இருக்கிறது. எதற்காக இருக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மறுபக்கத்துத் திட்டத்தின் பிரதியாக இருக்கலாம் என்கிறார் ஒருவர். இரு கைகளையும் இசைக்கத் தேவை என்கிறார் இன்னொருவர். என் எண்ணம் இரண்டாவதன் பக்கம். வலை பின்னும்போது ஒரு கை கண்ணியைப் பிடிக்க, மற்றக் கை ஊசியை ஓட்டும். ஒன்று என்ன செய்கிறது என்று மற்றதற்குத் தெரியாவிட்டால் ஒரு கண்ணிகூட முடியாது.

இதோடு மனிதருக்கு மட்டும் பெரிதாக உள்ள ஒரு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். குரங்குகளில் ஒவ்வொன்றுக்கும் விருப்பமான கை உண்டு, ஆனால் இனம் முழுக்க இப்படி ஒரு பக்கம் சாய்வதில்லை. ஆகவே இந்த இடத்தில் குரங்கை விட்டு நோயாளிகளைத்தான் பார்க்க வேண்டும். 1905இல் லீப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் பாரிசவாதம் வந்தவர்களைப் பக்கம் பிரித்து, அவர்களுடைய நல்ல கையைச் சோதித்தார். வலது பக்கம் விழுந்தவர்களில், அதாவது இடது மூளை அடிபட்டவர்களில், பாதியளவு பேருக்கு இடது கையாலும் பழக்கமான செய்கைகளை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. கையசைத்து விடைகொடுப்பது, சுத்தியலால் அடிப்பதுபோல் காட்டுவது போன்றவைகூடக் குழம்பின. இடது பக்கம் விழுந்தவர்களிடம் அந்தக் குறையைக் காணவில்லை. பழகிய கைவேலையின் நினைவும் ஒழுங்கும், வலது கைக்காரரில் பெரும்பாலும் இடது மூளையில் இருக்கின்றன என்பது அவருடைய முடிவு. அது இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் செயின்பர்க்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அசைவை நுணுக்கமாக அளந்தார்கள். இடது மூளை அடிபட்டால் இடது கை போகும் பாதை கோணுகிறது. வலது மூளை அடிபட்டால் வலது கை போய் நிற்கும் இடம் தவறுகிறது. ஒவ்வொரு பாதியும் இரண்டு கைகளுக்கும் வேறு வேறு உதவி செய்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் அப்பா வலது கைக்காரர், காலமெல்லாம் கைவேலை செய்தவர். அவருடைய இடது மூளைதான் அந்த வேலையின் பெரும்பங்கைச் சுமந்தது. ஊசி கண்ணிக்குப் பக்கத்தில் போகிறது என்று நீங்கள் எழுதியது, நான் மேலே சொன்ன பாதைக் கோணலோடு ஒத்துப்போகிறது. வலது மூளை நன்றாக இருப்பதால் இடது கைக்குப் பலம் இருக்கிறது, விரல்களும் தனித்தனியாக அசைகின்றன. குறைவது நுட்பம். சாதாரண நாளில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஆனால் அவரிடம் இப்போது இருப்பது அந்த ஒரு கைதான். பொத்தான் பூட்டுவதும் சாப்பிடுவதும் அதனாலேயே நடக்க வேண்டும் என்றால், சின்னக் குறையும் நாள் முழுக்கக் களைப்பாக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு இதைத் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. இடது கைக்கும் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் விழுந்த கையை மட்டும் பார்க்கிறோம்; நல்ல கையை யாரும் கவனிப்பதில்லை. பெரிய பொத்தானில் தொடங்கிச் சின்னப் பொத்தானுக்கு வாருங்கள். தடித்த கயிற்றில் முடிச்சு, பிறகு மெல்லிய நூல். மெதுவாக, பாதையைப் பார்த்துச் செய்யட்டும், வேகம் பிறகு வரும்.

அதற்காக வலது கையை விட்டுவிடக் கூடாது. டோப் என்ற ஆய்வாளர் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேர்களை வெட்டினார். அசைக்கும் வழி அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்ததும் பயன்படுத்தத் தொடங்கியது. முயன்று முயன்று தோற்ற கையை மூளை கைவிடப் பழகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். அந்தக் குரங்குகளை வைத்திருந்த நிலைமை பற்றி 1981இல் அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. அந்த விலங்குகள் பட்ட துன்பத்தை மறந்து இந்த அறிவைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. 1996இல் நுடோவின் குழு அணில் குரங்குகளில் இன்னொன்றைக் கண்டது. கைக்குரிய மூளைப் பகுதியில் சின்ன இடம் செத்தபின் பயிற்சி இல்லாமல் விட்டால், அடிபடாத அயல் இடமும் கையை மறந்து சுருங்கியது. பயிற்சி கொடுத்தால் சுருங்கவில்லை. 2006இல் 222 நோயாளிகளிடம் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு கிழமைகள் விழுந்த கைக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்கக் கூடியவர்கள். அப்பாவால் அது முடியுமா என்று ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களாக வீட்டில் நல்ல கையைக் கட்டிவைக்க வேண்டாம். ஒரு கையும் இல்லாமல் தடுமாறி விழுந்துவிடுவார்.

பரீட்சையில் கேட்டால் இடது அரைக்கோளம் வலது பக்கத்தை ஆள்கிறது என்றே எழுதுங்கள். சிறுமூளை மட்டும் தன் பக்கக் கையையே பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் செய்தி போகும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையுமாக இரண்டு தரம் கடப்பதால் வந்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன இடது கைத் தடுமாற்றம் பாரிசவாதம் வந்த நாளிலிருந்தே மெல்லியதாக இருப்பது. இதுவரை இருந்ததைவிட இடது கை ஒரு நாள் திடீரென்று பலமிழந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது வேறு விஷயம், இன்னொரு பக்கத்திலும் அடைப்பு வந்திருக்கலாம். காலை வரை பார்ப்போம் என்று இருக்காமல் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள், டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.